பழைய ரம்பமும் புதிய உறுப்பும்

ரம்பம் என்றவுடன் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது, மரவாடியில் மேலே ஒருவரும் கீழே ஒருவருமாக நின்று இழுக்கும் நெடிய வாளாகவோ, தச்சர் கையில் உள்ள சிறு ரம்பமாகவோ இருக்கும். நான் இங்கே எழுத எடுத்துக்கொண்டது சங்கிலி ரம்பம். ஒரு சிறிய பெட்ரோல் எஞ்சின்; அதன் முன்னே நீண்ட எஃகுப் பட்டை; பட்டையின் விளிம்புப் பள்ளத்தில் ஓடும் பற்கள் உள்ள சங்கிலி. இவ்வளவே அதன் உருவம். ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முன் செய்த இத்தகைய ரம்பங்களைத் தேடி எடுத்து, கையாலேயே உலோக உறுப்புகள் செய்து பூட்டி, தம் விருப்பம்போல் மாற்றி ஓட்டுவோர் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பலர் உண்டு. அவர்கள் செய்வது என்ன, எப்படிச் செய்கிறார்கள், எங்கே கை வைக்கலாம், எங்கே கூடாது என்பவற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

ரம்பம் வந்த வழி

1926-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் என்பவர் மின்சாரத்தால் ஓடும் சங்கிலி ரம்பம் ஒன்றைச் செய்தார். அதன் எடை 48 கிலோ. இருவர் பிடித்தால்தான் வேலை நடக்கும். ஆனால் காட்டுக்குள் மின்சாரத்திற்கு எங்கே போவது? அடுத்த ஆண்டே எமில் லெர்ப் என்னும் மற்றொரு ஜெர்மானியர் பெட்ரோல் எஞ்சின் பூட்டிய ரம்பத்தைத் துரிங்கியாவில் உள்ள டோல்மார் மலையில் ஓட்டிப் பார்த்தார். அம்மலையின் பெயரே அவருடைய ரம்பத்துக்கும் பெயராயிற்று. 1929-இல் ஸ்டீலும் பெட்ரோல் ரம்பம் கொண்டுவந்தார்.

எஞ்சின் அமைந்தது, சங்கிலி சரியாக அமையவில்லை. கைரம்பத்தின் பற்களைப் போன்ற பற்களே அதிலும் இருந்தன. அவை விரைவில் மழுங்கின. 1946-இல் அமெரிக்காவின் ஆரெகான் மாநிலத்தில் மரம் வெட்டும் தொழிலில் இருந்த ஜோசப் காக்ஸ், மரக்கட்டையைத் துளைத்துச் சென்ற ஒரு வண்டின் புழுவைக் கண்டார். அதன் வளைந்த தாடைகள் இடமும் வலமுமாக வெட்டிக்கொண்டு, நாரின் போக்கிலும் நாருக்குக் குறுக்கேயும் ஒன்றுபோல எளிதாக முன்னேறின. அதைப் பார்த்து அவர் வளைந்த பற்கள் உள்ள சங்கிலியை அமைத்து, 1947-இல் போர்ட்லந்து நகரில் தொழில் தொடங்கினார். இன்றுள்ள சங்கிலிகள் பெரும்பாலும் அதன் வழி வந்தவையே.

1949-இல் அமெரிக்காவின் மெக்கல்லாக் நிறுவனம் 25 ராத்தல் எடையில் ஒரு ரம்பம் கொண்டுவந்தது. ஒருவரே தூக்கி ஓட்டலாம். பின்னாளில், 1968-இல், லண்டன் பாலத்தை விலைக்கு வாங்கி, கல் கல்லாகப் பெயர்த்து, அரிசோனாப் பாலைநிலத்தில் நிறுத்தியவர் இந்த நிறுவனத்தின் முதலாளி ராபர்ட் மெக்கல்லாக்தான். பாலம் இன்றும் நிற்கிறது. நிறுவனமோ 1999-இல் நொடித்தது. அக்காலத்து ரம்பக் கம்பெனிகள் இன்னும் சிலவும் மறைந்தன. எஞ்சின் நன்றாக இருந்தும் ஒரு திருகோ தகடோ கிடைக்காமல் மூலையில் கிடக்கும் ரம்பங்கள் அதனால் ஏராளம். இங்கேதான் கைவேலை தொடங்குகிறது.

முள் தகடு

கையால் செய்வோர் பெரும்பாலும் முதலில் செய்து பழகுவது முள் தகடு. எஞ்சினும் பட்டையும் சேரும் இடத்தில், மரத்தை நோக்கி நீட்டிய கூர்முட்களோடு ஒன்றோ இரண்டோ தகடுகள் இருக்கும். மரத்தைக் கவ்வுவது அதன் வேலை என்று பார்த்தவுடன் தெரியும். தெரியாத வேலை ஒன்றும் உண்டு. பட்டையின் கீழ்ப்புறத்தால் அறுக்கும்போது சங்கிலி மரத்தைப் பிடித்து, ரம்பத்தையே முன்னோக்கி இழுக்கும். அந்த இழுப்பை முள் தாங்கிக்கொண்டால் ஆளின் தோள் தாங்க வேண்டியதில்லை. முள்ளைச் சுழல்மையமாகக் கொண்டு கைப்பிடியை மெல்ல உயர்த்தினால் பட்டை தானாக இறங்கும். நெம்புகோல் பாடம்தான்.

அமெரிக்காவின் மேற்குக் கரையில் டக்ளஸ் ஃபர் என்னும் பெருமரங்களின் பட்டை அரையடிக்கு மேலும் தடித்திருக்கும். அங்கே குட்டை முள் பட்டைக்குள்ளேயே நின்றுவிடும், கட்டையை எட்டாது. ஆகவே அங்குள்ளவர்கள் நீண்ட முட்களை வெட்டிப் பூட்டினார்கள். தோல் மெலிந்த மரத்துக்குக் குட்டை முள்ளே நல்லது. நீள முள் பட்டையின் நீளத்தை வீணாக்கும்.

செய்முறை எளிது, பொறுமைதான் வேண்டும். பழைய தகட்டை அட்டையில் வைத்து வரைந்து வெட்டிக்கொள்ள வேண்டும். அட்டையை ரம்பத்தில் பொருத்திப் பார்த்தபின், 5 மில்லிமீட்டர் எஃகுத் தகட்டில் குறிக்க வேண்டும். முட்களுக்கு இடையே வரிசையாகத் துளையிட்டு, ஹேக்ஸா பிளேடால் அறுத்து, அரத்தால் முடிக்க வேண்டும். உள் தகடும் வெளித் தகடும் ஒன்றுபோல் இருக்க வேண்டுமானால் இரண்டையும் ஒன்றாக வைஸில் இறுக்கி அராவுவதே வழி. முதலாண்டுப் பட்டறையில் சதுரத் துண்டைப் பள்ளத்தில் பொருத்தச் சொல்லி நம் விரல்களைக் கொப்பளிக்க வைத்தார்களே, அதே வேலைதான் இது.

பட்டைக்கு ஒரு துண்டு

நம் வளாகத்தில் புயலில் சாய்ந்த மரங்களை அறுக்க முன்பு வாங்கிய ஒரு ரம்பம் தோட்டக் கொட்டகையில் கிடந்தது. பெயர்த் தகடுகூடத் தேய்ந்துபோயிருந்தது. எஞ்சின் ஓடியது, பட்டை தேய்ந்து பிளந்திருந்தது. சந்தையில் கிடைத்த புதுப் பட்டையின் பிளவு, ரம்பத்தின் திருகாணிகளைவிட அகலம். நானும் நண்பர் இருவரும் இடைவெளியை நிரப்ப ஓர் எஃகுத் துண்டு செய்ய முற்பட்டோம்.

அகலத்தை நிரப்பினால் போதும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அந்த இடத்துக்கும் மறைந்த வேலைகள் இரண்டு உண்டு. ஒன்று, பற்சக்கரமும் பட்டையின் பள்ளமும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் சங்கிலி ஒரு பக்கமாகத் தேயும். மற்றொன்று, எஞ்சினிலிருந்து வரும் எண்ணெய் அங்குள்ள சிறு துளை வழியாகத்தான் பட்டைப் பள்ளத்துக்குப் போகிறது. துண்டு அத்துளையை மூடினால், சில நிமிடங்களில் சங்கிலி சூடேறிப் பட்டையைத் தின்னும். ஆகவே துண்டில் எண்ணெய்க்கு ஒரு வாய்க்காலும் அராவினோம். பட்டறை மிஸ்திரி அதைக் கையில் வாங்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்துவிட்டு, “நீள அகலத்தை எல்லாரும் அளப்பார்கள். நீங்கள் எண்ணெயையும் நினைத்திருக்கிறீர்கள்” என்று இந்தியில் சொன்னார். அந்தப் பருவத்தில் நான் வாங்கிய எந்த மதிப்பெண்ணும் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி தரவில்லை.

வளைக்கும் வித்தைகள்

சரிவான மலைக்காட்டில் மரத்தின் இரு பக்கமிருந்தும் அறுக்க வேண்டியிருக்கும். அதற்காக ரம்பத்தின் உடலைச் சுற்றி வளைந்த முழுக் கைப்பிடியைக் குழாயால் செய்து பூட்டுவார்கள். வெறும் குழாயை வளைத்தால் நடுவில் நசுங்கும். அதனுள் மணலை இறுகத் தட்டி நிரப்பி, இரு முனையும் அடைத்து, காய்ச்சி வளைத்தால் நசுங்காது. மணல் நன்கு உலர்ந்திருக்க வேண்டும். ஈரம் இருந்தால் நீராவியாகி அடைப்பைத் துப்பாக்கிக் குண்டுபோல் வெளியே தள்ளும்.

காற்று வடிகட்டியின் மூடி போன்றவற்றை அலுமினியத் தகட்டில் அடித்து உருவாக்குவர். அடிக்க அடிக்க அலுமினியம் விறைத்து, முடிவில் வெடிக்கும். மீண்டும் காய்ச்சி இளக்க வேண்டும். ஆனால் எஃகைப்போல் அலுமினியம் சிவந்து காட்டாது. கண் பார்த்திருக்கும்போதே உருகி விழும். பழைய தகட்டு வேலைக்காரர்கள் இதற்கு ஓர் உபாயம் கண்டார்கள். தகட்டின் மேல் சவர்க்காரத்தால் ஒரு கோடு இழுத்துவிட்டு, மறுபுறம் சூடேற்றினார்கள். கோடு கறுத்தவுடன் தீயை எடுத்துவிட்டார்கள். ஒரு சவர்க்காரக் கட்டி வெப்பமானியின் வேலையைச் செய்துவிடுகிறது!

இன்னொரு எச்சரிக்கை. பழைய ரம்பங்கள் பலவற்றின் உடல் மக்னீசியக் கலவையால் வார்த்தது. அதன் அரத்தூள் தீப்பற்றும். பற்றியபின் தண்ணீர் ஊற்றினால் ஹைட்ரஜன் உண்டாகித் தீ இன்னும் பெருகும். உலர்ந்த மணலே மருந்து. உடல் அலுமினியமா மக்னீசியமா என்று அறிய, சுத்தமாகச் சுரண்டிய இடத்தில் ஒரு துளி வினிகர் விட்டால் போதும். நுரைத்துப் பொங்கினால் மக்னீசியம்.

சைலன்சர்

விரைவை நாடுவோர் முதலில் கை வைப்பது சைலன்சரில். வாயை அகலப்படுத்தினால் புகை தடையின்றி வெளியேறும், ஆற்றல் கூடும். போட்டிகளுக்கென்றே ரம்பம் அமைப்போர் சைலன்சரை அகற்றிவிட்டு, தகட்டைக் கூம்பு கூம்பாக உருட்டிப் பற்றவைத்த நீண்ட வயிற்றுக் குழாயைப் பூட்டுகிறார்கள். எஞ்சினிலிருந்து கிளம்பும் அழுத்த அலை அக்குழாயின் முனைக் கூம்பில் பட்டுத் திரும்பி, வெளியேற முயலும் புதுக் கலவையைச் சிலிண்டருக்குள்ளேயே தள்ளிவிடுகிறது. ஒலியின் வேகத்தையும் எஞ்சினின் சுற்றையும் கொண்டு குழாயின் நீளத்தைக் கணக்கிடலாம். 1950-களில் கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். மோட்டார் சைக்கிள்களுக்காக வால்ட்டர் காடன் என்னும் பொறியாளர் இதைப் பெரிதும் வளர்த்தார். விஸ்கான்சினின் ஹேவர்டு நகரில் 1960 முதல் நடந்துவரும் மரவெட்டிகள் பந்தயத்திலும் இப்படி மாற்றிய ரம்பங்களைக் காணலாம்.

ஆனால் சைலன்சருக்கும் மறைந்த வேலை உண்டு. வாயைத் திறந்தால் உள்ளே காற்று மிகும். பெட்ரோலின் பங்கு குறையும். இந்த எஞ்சின்களில் பெட்ரோலோடுதான் எண்ணெயும் கலந்து போகிறது. ஆகவே பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறையும்; வெப்பம் ஏறும்; பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விக்கொண்டு நின்றுவிடும். கார்பரேட்டர் திருகைத் திறந்து ஈடு செய்யாமல் சைலன்சரைத் தொடுவது எஞ்சினைக் கொல்வதற்கு ஒப்பாகும்.

எங்கள் ரம்பத்தின் சைலன்சரையும் திறந்துவிடலாம் என்று நண்பர் ஒருவர் ஆசைப்பட்டார். நான் உடன்படவில்லை. ஒரு மாலைப் பொழுது ஓட்டிப் பார்த்து மகிழப் போகிறவர்கள் நாங்கள். மழைக்காலம் முழுதும் நாள்தோறும் அதைத் தூக்கி நிற்கப் போகிறவர் தோட்டத்து மாலி. அவருடைய செவிக்கு நாங்கள் எவ்வாறு ஈடு செய்வோம்? சைலன்சரை அப்படியே விட்டோம்.

கை வைக்கக் கூடாதவை

ஒரு சிறு கணக்கு. ஏழு பல் சக்கரம், எட்டில் மூன்று அங்குலப் புரிச் சங்கிலி, நிமிடத்துக்கு 9,000 சுற்று. ஒரு சுற்றுக்குச் சங்கிலி ஐந்தேகால் அங்குலம் நகரும். வினாடிக்கு 150 சுற்று. ஆக, வினாடிக்கு 20 மீட்டர். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் கத்திகள் ஓடுகின்றன என்று பொருள். பட்டை நுனியின் மேற்பகுதி எதிலாவது பட்டால், கண் இமைப்பதற்குள் ரம்பம் பின்னெழுந்து முகத்தை நோக்கி வரும். 1970-களில் பரவிய சங்கிலித் தடை இதற்காகத்தான் வந்தது. அதற்கு முந்தைய ரம்பங்கள் பெரும்பாலானவற்றில் அது இல்லை.

ஆகவே சங்கிலிக் கண்ணி, கிளட்ச், சுழல் சக்கரம் ஆகியவற்றைக் கையால் செய்யத் துணியலாகாது. அவை உடைந்தால் துண்டுகள் எங்கே பாயும் என்று சொல்ல முடியாது. ஏற்கனவே உள்ள காவல் எதையும் கழற்றலாகாது. முள் தகடு, கைப்பிடி, மூடி, இடைத்துண்டு, காகிதத்தில் வெட்டும் கேஸ்கெட், இல்லாத இடத்தில் புதிதாகப் பூட்டும் கைக்காப்பு — இவற்றில் நம் கைத்திறனை விருப்பம்போல் காட்டலாம்.

நண்பர்களே, நாம் பயிலும் வரைபடங்களில் ஓர் உறுப்பின் அளவு இருக்கும். அது ஏன் அந்த அளவில் இருக்கிறது என்பது பெரும்பாலும் இராது. அந்த ‘ஏன்’ என்பதை, அரத்தைப் பிடித்து ஓர் உறுப்பைச் செய்யும்போதுதான் நான் கேட்கக் கற்றேன். மரம் அறுக்கும் ரம்பமே வேண்டும் என்பதில்லை. விடுதியில் ஓடாத மின்விசிறியோ, ஊரில் பாட்டி வீட்டுப் பரணில் கிடக்கும் தையல் இயந்திரமோ போதும். கழற்றுவதற்கு முன், ஒவ்வோர் உறுப்பும் கண்ணுக்குத் தெரியாமல் என்ன செய்கிறது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அதன்பின் அரத்தை எடுங்கள்.