மஞ்சப்பை: கூச்சமும் கணக்கும்

ஒருத்தரை "சரியான மஞ்சப்பை" என்று சொன்னால், அவர் கையில் பை இருக்கணும்னு அவசியமே இல்லை. பட்டிக்காட்டிலிருந்து வந்தவர், பட்டணத்து நாகரிகம் தெரியாதவர் என்று அர்த்தம். 2014ல் ராஜ்கிரண் நடித்த படத்துக்கு 'மஞ்சப்பை' என்று பெயர் வைத்தார்கள். கிராமத்துத் தாத்தா ஒருவர் சென்னைக்கு வரும் கதை. தலைப்பைக் கேட்டதுமே பாதிக் கதை நமக்குப் புரிந்துவிடும். அந்த அளவுக்கு ஒரு துணிப்பை கேலிச் சொல்லாக மாறியிருந்தது.

அதே துணிப்பைதான் இன்னிக்கு 'டோட் பேக்' என்ற பெயரில் கல்லூரி மாணவர்கள் தோளில் தொங்குது. மஞ்சளுக்குப் பதிலா வெள்ளை, கடைப் பெயருக்குப் பதிலா ஒரு வாசகம். மற்றபடி ரெண்டும் ஒரே சாமான்தான்: ரெண்டு துண்டு துணி, ரெண்டு காது. கேலிக்குரிய பொருள் எப்படி ஃபேஷன் ஆச்சு, அதனால் உண்மையிலேயே ஏதாவது நன்மை உண்டா என்று தேடிப் படித்ததன் சுருக்கம் இது.

ஐஸ் சுமந்த பை

வேலைக்கான பை அலங்காரமாக மாறுவது புதுசு இல்லை. அமெரிக்காவின் எல்.எல்.பீன் நிறுவனம் 1944ல் கெட்டியான கேன்வாஸ் துணியில் ஒரு பை தைத்து விற்றது. எதுக்குன்னா, ஐஸ் கட்டியைக் காரிலிருந்து வீட்டு ஐஸ் பெட்டி வரை தூக்கிட்டுப் போக. பின்னாடி அதே பை காதுகளுக்குக் கலர் சேர்த்து மறுபடி வந்தது. இன்னும் விற்பனையில் இருக்கு.

அடுத்த பெரிய திருப்பம் 2007, லண்டன். வடிவமைப்பாளர் ஆன்யா ஹிண்ட்மார்ச், 'நான் பிளாஸ்டிக் பை அல்ல' என்று ஆங்கிலத்தில் எழுதிய ஒரு சாதாரணத் துணிப்பையைக் கொண்டுவந்தார். செயின்ஸ்பரீஸ் சூப்பர் மார்க்கெட்டில் விலை 5 பவுண்ட். 20,000 பைகள் ஒரே நாளில் காலி. வாங்கினவங்க சிலர் அதையே இணையத்தில் பல மடங்கு விலைக்கு விற்றார்கள். ஒருபக்கம் பிளாஸ்டிக் பை பற்றிய பேச்சை இது ஊரெல்லாம் கொண்டுபோனது. இன்னொரு பக்கம், பை சேர்ப்பதே ஒரு மோகம் ஆச்சு.

2025ல் நம்ம பக்கத்துப் பையே அந்த வரிசையில் சேர்ந்தது. வட இந்தியாவில் மளிகைக்கடை, பலகாரக்கடைகளில் சும்மா கொடுக்கும் ஹிந்தி எழுத்து அச்சடித்த 'ஜோலா' பை, அமெரிக்காவின் நார்ட்ஸ்ட்ராம் கடையில் 48 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. சமூக வலைத்தளங்களில் நம்ம ஆட்கள் சிரித்துத் தீர்த்துட்டாங்க. ஆனால் அதில் ஒரு விஷயம் கவனிக்கணும். பை மாறவே இல்லை, தூக்கும் தோள்தான் மாறியது. கூச்சமும் பெருமையும் துணியில் கிடையாது.

எத்தனை தடவை?

இப்போ கணக்குக்கு வருவோம். துணிப்பை என்றாலே சூழலுக்கு நல்லது என்று நினைக்கிறோம். பருத்தி விளைய தண்ணீர் வேணும், உரம் வேணும், அப்புறம் நூற்பு, நெசவு, சாயம். ஒரு பை செய்யும்போது ஆகும் செலவு, மெல்லிய பிளாஸ்டிக் பையைவிட ரொம்ப அதிகம். அந்தக் கடனை அடைக்க ஒரே வழி, திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது.

இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2011ல் வெளியிட்ட ஆய்வின்படி, புவி வெப்பமாதலை மட்டும் கணக்கில் எடுத்தால், ஒரு பருத்திப் பையைக் குறைந்தது 131 முறை பயன்படுத்தணும். அப்போதான் ஒருதடவை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பையை அது முந்தும். வாரம் ரெண்டு தடவை காய்கறி வாங்கப் போனால் ஒண்ணேகால் வருஷம்.

டென்மார்க் அரசின் 2018 ஆய்வு இன்னும் பிரபலம். அதில் வரும் 7,100 முறை என்ற எண்ணைப் பலர் பகிர்ந்திருப்பாங்க. தினம் ஒரு தடவை என்றால் 19 வருஷத்துக்கு மேல! ஆனா அது எல்லாச் சூழல் அளவுகோல்களையும் சேர்த்துப் பார்த்தது. அதில் ஓசோன் படலப் பாதிப்பு என்ற ஒண்ணுதான் எண்ணை அவ்வளவு தூக்கிவிட்டது. பருவநிலை மாற்றம் மட்டும் என்றால் அதே ஆய்வில் 52 முறைதான். தவிர, மண்ணிலும் வாய்க்காலிலும் மாட்டின் வயிற்றிலும் பிளாஸ்டிக் போய்ச் சேர்வதை இந்த எண்கள் கணக்கில் எடுக்கவில்லை. அதனால 'துணிப்பை ஏமாற்று வேலை' என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ஒரே பையை விடாமல் தூக்கினால் லாபம், பத்துப் பை வாங்கி அலமாரியில் அடுக்கினால் நஷ்டம். அவ்வளவுதான்.

துணி வேஷம் போட்ட பிளாஸ்டிக்

கடையில் துணிப்பை என்று கொடுப்பது எல்லாமே துணி இல்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்க. குறுக்கும் நெடுக்குமாக இழை தெரிந்தால் நெய்த துணி. இழையே இல்லாமல் சின்னச் சின்னப் புள்ளி அச்சு மட்டும் தெரிந்தால் அது 'நான் ஓவன்' பை. பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன், அதாவது பிளாஸ்டிக். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த தடைப் பட்டியலில் இதுவும் உண்டு.

கூச்சத்தைப் போக்குவது எப்படி?

தடை வந்தும் பழக்கம் உடனே மாறவில்லை. 2021 டிசம்பரில் தமிழக அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியது. அடுத்த வருஷம் கோயம்பேடு சந்தையில் 10 ரூபாய் போட்டால் பை தரும் இயந்திரம் வந்தது. எனக்கு இதில் முக்கியமாகப் பட்டது இயந்திரம் இல்லை, பெயர். கேலிச் சொல்லையே எடுத்து இயக்கத்துக்குச் சூட்டியது நல்ல யோசனை. நம்மில் பலர் பையை விட்டதுக்குக் காரணம் பிளாஸ்டிக்கின் வசதி மட்டும் இல்லையே. கையை வீசிக்கிட்டுக் கடைக்குப் போவதுதான் கௌரவம் என்ற நினைப்பும்தான்.

ஃபேஷன் இந்த நினைப்பை உடைக்குது; அது பெரிய உதவி. ஆனா ஃபேஷனுக்கு இன்னொரு குணம் உண்டு: போன மாசத்துப் பை இந்த மாசம் பழசு. கூட்டத்துக்கு ஒண்ணு, புத்தகக் கண்காட்சிக்கு ஒண்ணு, கல்யாணத்துக்கு ஒண்ணு என்று சேர்ந்தால், 131 என்ற எண்ணை எந்தப் பையும் தொடப்போவதில்லை.

கல்யாணத் தாம்பூலப் பை அடிக்கக் கொடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். காசு ஒருவேளை கொஞ்சம் கூடும், ஆனாலும் ரெண்டு கிலோ காய் தாங்கும் துணியாகக் கேளுங்க. காது தோளில் மாட்டும் நீளம் இருக்கட்டும். ஒரு துவைப்பில் சாயம் போகாமல் பார்த்துக்குங்க. மணமக்கள் பெயரைப் பெரிசா அச்சடிக்காமல் ஓரமாகச் சின்னதாகப் போட்டால், வாங்கினவங்க பத்து வருஷம் தூக்குவாங்க.

மற்றவர்களுக்கு, புதுசு வாங்கும் முன் பரணில் ஒரு பார்வை. அங்கே இருக்கிற மஞ்சப்பையை மடித்து வண்டிப் பெட்டியில் போட்டு வைங்க. நைந்துபோன பைதான் கணக்கில் ஜெயித்த பை.