தரைக்கு அடியில் ஒரு குழாய்

கடப்பாரை விழுந்த சத்தம் மாறியதும் கொத்தனார் கையை நிறுத்திவிட்டார். "அண்ணே, கீழ பொள்ளலா இருக்கு" என்றார். அவ்வளவுதான். தேனி மாவட்டத்துக் குரங்கணியில் டைல்ஸ் போடுவதற்காகப் பழைய சிமெண்ட் தரையைப் பெயர்த்துக்கொண்டிருந்த அந்த வீட்டு வாசலில், டீ ஆறுவதற்குள் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். உறவுக்காரர் வீடு, வேடிக்கை பார்த்தவர்களில் நானும் ஒருவன். 'புதையல்' என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்கார அம்மா உள்ளே போய் ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்துவந்து பள்ளத்தின் ஓரத்தில் வைத்தார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. 2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் கோயிலில் பள்ளம் தோண்டியபோது ஒரு கலயத்தில் 505 பொற்காசுகள் கிடைத்ததை எல்லோரும் டிவியில் பார்த்தோம். பார்த்தவர்களில் பலருக்கும் தெரியாதது, 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது என்பது. மண்ணுக்குள் மறைந்து கிடந்த பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே கண்டெடுத்தவர் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். இன்றைக்குப் பத்து ரூபாய்க்கு ஒரு நல்ல டீ கிடைக்காது; சட்டத்தில் தொகை மாறவில்லை. மறைத்தால் ஓராண்டு வரை சிறை. முறையாகச் சொல்லி, உரிமை கோரி எவரும் வராமல், அரசும் எடுத்துக்கொள்ளாமல் விட்டால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை எடுத்தவருக்கு முக்கால் பங்கு, இடத்துக்காரருக்குக் கால் பங்கு. இதை அங்கேயே சொல்லித் தொலைத்தேன். கொத்தனார் முகம் மலர்ந்தது. வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வை வேறு மாதிரி.

பள்ளம் பெரிதானதும் முதலில் வந்தது கரி. விரலில் எடுத்தால் மை மாதிரி ஒட்டியது. அதற்குக் கீழே செங்கல் கட்டிய கால்வாய், அதை அடைத்த செம்மண், மண்ணுக்குள் துருப்பிடித்து உதிரும் ஓர் இரும்புத் தகட்டுக் குழாய். ஒரு ஜாண் அகலத்துக்கு மேல் இருக்கும். நேராகப் பின்சுவரை நோக்கிப் போனது. பக்கத்து வீட்டுத் தாத்தா குனிந்து பார்த்தார். "அட, இது ஸ்டோருப்பா. நீங்க குடியிருக்கறதே ஸ்டோருக்குள்ளதான்."

ஏலமலையில் ஸ்டோர் என்றால் சாமான் வாங்கும் கடை அல்ல. ஏலக்காய் உலர்த்தும் கட்டடம். வெளிப்புறம் விறகு அடுப்பு; அதன் புகையும் சூடும் உள்ளே தரையோடு ஓடும் குழாய் வழியாகப் போய் மறுபக்கப் புகைப்போக்கியில் வெளியேறும். குழாயின் சூடு மேலே அடுக்கிய தட்டுகளிலுள்ள காயை உலர்த்தும். புகை காயைத் தொடக் கூடாது. பறித்த காயில் எடையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக்காய் ஒரு கிலோ உலர்ந்த காயாகும். ஐம்பது டிகிரியை ஒட்டிய சூடு, சில வேளை ஒரு நாளுக்கும் மேல், சீராக இருக்க வேண்டும். கூடினால் காய் வெடிக்கும், பச்சை நிறம் வெளுக்கும். போடியில் ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலத்தில் விலை பேசப்படுவது இந்தப் பச்சைக்கும் பருமனுக்கும்தான். "ராத்திரி ஒருத்தன் கண் அசந்தா மொத்தக் காயும் போச்சு" என்றார் தாத்தா. விறகு தள்ளுகிறவருக்குத் தூக்கம் கிடையாது.

தரைக்கடியில் சூட்டை ஓட விடுவது இந்த மலைக்கு மட்டும் உரியதல்ல. ரோமானியர்கள் குளியல் கூடங்களின் தரையைச் சிறு தூண்கள் மேல் நிறுத்தி, அடியில் வெப்பக் காற்றை ஓட விட்டார்கள். கொரிய வீடுகளில் அடுப்புப் புகை படுக்கும் தரைக்குக் கீழே போகும். அங்கெல்லாம் மனிதனுக்குச் சூடு. இங்கே காய்க்குச் சூடு. செட்டிநாட்டு வீடுகளிலோ தரைக்கடியில் ஓடுவது தண்ணீர்: முற்றத்து மழை, கல் வடிகால் வழியாக வெளியேறி ஊருணிக்குப் போய்ச் சேரும்.

குரங்கணிச் சரிவில் இப்படி மறந்துபோனவை தரைக்கு மேலேயும் உண்டு. இங்கிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஏறும் பாதையில் சென்ட்ரல் ஸ்டேஷன் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. ரயில் அங்கே ஒருநாளும் வந்ததில்லை. மூணாறு தேயிலை குண்டளை பள்ளத்தாக்கின் சின்ன ரயிலில் டாப் ஸ்டேஷன் வந்து, அங்கிருந்து கம்பிவட ரோப்வேயில் கோட்டகுடிக்கு இறங்கி, மாட்டுவண்டியில் போடிக்குப் போன காலத்துப் பெயர் அது. 1924 ஜூலை வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போனது. வாரக் கடைசியில் மலையேற வருகிற பையன்கள் என்னிடம் ரயில் நேரம் கேட்டிருக்கிறார்கள்.

வீட்டுக்காரருக்கு ஏமாற்றம்தான். குழாயில் உருப்படியாக வந்த இரண்டு துண்டுகளைப் பழைய இரும்புக்கடைக்குப் போட்டார். அதற்குக் கிடைத்த தொகையை, சட்டத்தை நினைத்தோ என்னவோ, என்னிடம் சொல்லவில்லை. ஜல்லி கொட்டிப் பள்ளத்தை மூடுவதற்கு முன் தாத்தா மட்டும் ஒன்று கேட்டார்: "குழா அந்தப் பக்கம் போகுதுன்னா, புகைப்போக்கி ஓட்டை எங்க?"

எல்லோரும் நிமிர்ந்து சுவரைப் பார்த்தோம். டிவியைக் கழற்றியிருந்த இடத்தில், பூச்சுக்குள் வட்டமாக ஓர் ஒட்டு, ஓரமெல்லாம் மெல்லிய விரிசலோடு தெரிந்தது. இருபது வருடமாக அதற்கு நேரே உட்கார்ந்துதான் அந்த வீட்டில் சீரியல் பார்த்திருக்கிறார்கள். டைல்ஸ் வேலை முடிந்ததும் டிவியை மறுபடி அதே ஆணியில் மாட்டினார்கள்.