செப்பு டோக்கனும் பொடி எழுத்தும்

அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில் (1861–65) வட மாநிலக் கடைக்காரர்கள் அடித்துவிட்ட செப்பு டோக்கன்களைச் சேகரிப்பது காசுள்ளவன் பொழுதுபோக்கு என்று நம் தோழர்கள் ஒதுக்கிவிடலாம். ஒதுக்க வேண்டியதில்லை. பணம் என்பது உலோகமா, அரசா, வெறும் நம்பிக்கையா என்ற கேள்வி உள்ளங்கைக்குள் கிடப்பது இங்கேதான்.

1861 டிசம்பர் கடைசியில் வங்கிகள் தாளுக்குப் பொன் தருவதை நிறுத்தின. தங்கம் பதுங்கியது, வெள்ளி பதுங்கியது. 1862இல் ஒரு சென்ட் காசும் காணாமற்போயிற்று. மீதி கொடுக்கச் சில்லறை இல்லை. தபால்தலையைக் கொடுத்துப் பார்த்தார்கள், கையில் ஒட்டிக்கொண்டது. அப்புறம் மளிகைக்கடை, கசாப்புக்கடை, சாராயக்கடை என்று ஆளாளுக்குச் சென்ட் அளவிலேயே டோக்கன் அடித்தார்கள். மொத்தம் இரண்டரைக் கோடி என்பது ஒரு மதிப்பீடு. சிலதில் கடை விலாசம், சிலதில் கொடியும் தேசபக்தியும். இன்னும் சிலதில் ‘ஒரு சென்ட்’ என்று பெரிதாக இருக்கும்; உற்றுப் பார்த்தால், ‘அல்ல’ என்ற சொல் பொடி எழுத்தில். சட்டத்துக்கு ஒரு வாசிப்பு, வாடிக்கையாளருக்கு ஒரு வாசிப்பு. (பிரதியியல் பேசுகிறவர்கள் கவனிக்கலாம்.)

அடிக்கும் செலவு ஒரு சென்ட்டைவிடக் குறைவு. மிச்சம் யாருக்கு? நியூயார்க் மதுக்கடைக்காரர் கஸ்டவஸ் லிண்டன்முல்லர் பத்து லட்சத்துக்கு மேல் வெளியிட்டார். மூன்றாம் அவென்யூ டிராம் கம்பெனி, பயணிகளிடம் வாங்கிச் சேர்ந்த குவியலைக் கொண்டுபோய் மாற்றித் தரச் சொன்னபோது, முடியாது போ என்றுவிட்டாராம். கம்பெனி தாங்கும். கூலியில் பத்து டோக்கன் வாங்கிப்போன துணி வெளுக்கிறவள் யாரிடம் போய்க் கேட்பாள்? வட்டியில்லாமல் கடைக்காரருக்குக் கடன் கொடுத்தவள் அவள்தான். 1864இல் சட்டம் தனியார் காசைத் தடைசெய்தது. அதே ஆண்டு அரசும் கனம் குறைந்த வெண்கலச் சென்ட்டுக்கு மாறிக்கொண்டது. கடைக்காரன் வழிதான்.

சேகரிப்புக்கு வருவோம். ஃபுல்ட் தந்தையும் மகனும் தொகுத்த பட்டியல் எண்களே இன்றும் வழக்கு. அபூர்வத்துக்கு 1 முதல் 10 வரை தரம்: ஐயாயிரத்துக்கு மேல் இருப்பது 1, ஒன்றே ஒன்று 10. சங்கதி என்னவென்றால், அச்சு வெட்டியவர்கள் அந்தக் காலத்திலேயே சேகரிப்பாளர்களுக்கென்று அதே அச்சுகளில் பித்தளையிலும் வெள்ளியிலும் அடித்தார்கள். பொருந்தாத இரு முகங்களைச் சேர்த்தும் அடித்தார்கள். அபூர்வமானவற்றில் பல எந்தக் கல்லாவையும் பார்க்காதவை. சந்தை விழுந்து விழுந்து வாங்குவது இவற்றை. எழுத்து தேய்ந்து, ஓரம் நசுங்கிய தரம் 1 டோக்கன் சொற்ப விலைக்குக் கிடைக்கிறது. புதிதாகத் தொடங்குகிறவர் அதைத் தேடட்டும், துலக்காமல் வைத்திருக்கட்டும். அதிலுள்ள கடைப் பெயரை அந்த ஊரின் அக்காலத்து விலாசப் புத்தகத்தில் பார்த்தால் எந்தத் தெரு, என்ன வியாபாரம் என்பதுவரை பல நேரம் அகப்படும். கைமாற்றித் தேய்த்தவர்களைத்தான் அப்படித் தேட முடியாது.