வேற்றுமைக் கோட்பாடு (தொடரியல்)

வேற்றுமைக் கோட்பாடு என்பது, ஒரு தொடரில் பெயர்ச்சொல் ஏற்கும் வேற்றுமையை எது தீர்மானிக்கிறது என்பதை விளக்கும் தொடரியல் கோட்பாடு ஆகும்.

உருபும் வேற்றுமையும்

தமிழில் ஐ, ஆல், கு முதலிய உருபுகள் வேற்றுமையைக் காட்டுகின்றன. முதல் வேற்றுமையாகிய எழுவாய் வேற்றுமைக்கு உருபு இல்லை. ஆங்கிலத்தில் 'ஹீ', 'ஹிம்' போன்ற சில மறுபெயர்களில் மட்டுமே இவ்வேறுபாடு தெரியும். ஆயினும், வடிவம் மாறாத பெயர்களுக்கும் வேற்றுமை உண்டு என்பது இக்கோட்பாட்டின் அடிப்படை.

வேற்றுமை வடிகட்டி

1977 இல் பிரெஞ்சு மொழியியலாளர் ழான்-ரோழே வெர்ஞோ, நோம் சோம்ஸ்கிக்கும் ஹோவர்ட் லாஸ்னிக்குக்கும் எழுதிய மடலில் இக்கருத்தை முன்வைத்தார். சோம்ஸ்கி 1981 இல் வெளியான தம் நூலில் இதை விரிவாக்கினார். ஒலிக்கப்படும் ஒவ்வொரு பெயர்த்தொடரும் வேற்றுமை பெற்றிருக்க வேண்டும். இல்லையேல் அத்தொடர் பிழையாகும். இவ்விதியே வேற்றுமை வடிகட்டி. இதன்படி எழுவாய்க்கு முற்றுவினையின் காலமும் இயைபும் வேற்றுமை தருகின்றன. செயப்படுபொருளுக்கு வினைச்சொல் தருகிறது. ஆங்கிலத்தில் 'ஹீ டு கோ' என வராமல், 'ஃபார்' என்னும் முன்னிடைச்சொல்லின் துணையோடு 'ஃபார் ஹிம் டு கோ' என வருவதற்குக் காரணம் இதுவே.

தமிழ் எழுப்பும் கேள்வி

"நான் வர, அவர்கள் கிளம்பினார்கள்" என்னும் தொடரைப் பாருங்கள். 'வர' என்னும் எச்சத்தில் காலம் காட்டும் இடைநிலை இல்லை. திணை, பால், எண், இடம் காட்டும் விகுதியும் இல்லை. இருந்தும் 'நான்' எழுவாய் வேற்றுமையில் நிற்கிறது. மாறாக, "எனக்குப் பசிக்கிறது" என்பதில் முற்றுவினை இருக்கிறது. எழுவாய் வேற்றுமையில் ஒரு சொல்லும் இல்லை. எனவே முற்றுவினைதான் எழுவாய் வேற்றுமையைத் தருகிறது என்னும் விதி தமிழுக்கு அப்படியே பொருந்தவில்லை.

சார்பு வேற்றுமை

1991 இல் அலெக் மராண்ட்ஸ் வேறொரு விளக்கம் தந்தார். ஒரே வாக்கியத்துள் இரு பெயர்கள் இருந்தால், ஒன்றைச் சார்ந்து மற்றொன்று வேற்றுமை பெறும். "கண்ணன் மாலாவைப் பார்த்தான்" என்பதில் 'மாலா' இரண்டாம் வேற்றுமை பெறுவது 'கண்ணன்' இருப்பதால்தான். வேறு வேற்றுமை பெறாத பெயர் இயல்பாகவே எழுவாய் வேற்றுமையில் நிற்கும். 'நான் வர' என்பதற்கு இது பொருந்துகிறது. ஆனால், ஏற்கெனவே 'கு' போன்ற உருபைத் தன் வினையால் பெற்ற பெயர், மற்றொன்றுக்கு இவ்வாறு வேற்றுமை தராது என்றும் அவர் கொண்டார். "எனக்கு அவளைத் தெரியும்" என்பதில் 'எனக்கு' என்பதற்குப் பின்னும் 'ஐ' வருகிறது. ஆகவே இவ்விளக்கத்துக்கும் தமிழ் ஒரு சோதனையாகவே உள்ளது.