இருதயம் பெருத்தால் பலமா?

இருதயம் பெரிதாகியிருக்கிறது என்று டாக்டர் சொன்னால், "நமக்குப் பெரிய மனசுதானே!" என்று சிரித்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. அது சிரிக்கிற சங்கதியல்ல, வாசக அன்பர்களே!

பால்வாளி தூக்கித் தோள் திரள்வது பலம். ஆனால் இரத்தக் கொதிப்பை எதிர்த்து ஓயாமல் உழைக்கும் இருதயத்தின் கதை வேறு. அதன் சுவர் தடிக்கும், தடித்தது விறைக்கும், இரத்தம் நிறைய இடம் குறையும். இறுதியில் களைத்துத் தளரும். படியேறினால் மூச்சு வாங்கும். காலில் நீர் கோக்கும்.

"தடித்துக்கொள்" என்று தசைக்குச் சொல்வது யார்? நம் உடலணுவிலுள்ள டி.என்.ஏ.வில் புரதம் செய்யும் குறிப்பு நூற்றுக்கு இரண்டு பங்குக்கும் குறைவே. மீதியைக் குப்பை என்றே பலர் ஒருகாலத்தில் ஒதுக்கினார்கள். ஆனால் அதிலிருந்தும் ஆர்.என்.ஏ.க்கள் பிறக்கின்றன. அவற்றில் பல, தாம் பால் வெட்டாமல் மற்றவர் வேலையை மேற்பார்க்கும் கங்காணி மாதிரி. புரதம் செய்யா, எந்தப் புரதம் எவ்வளவு உண்டாகலாம் என்று கட்டுப்படுத்தும்.

இவற்றில் மிகச் சிறியவை மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள். 1993-ல் ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவில் முதலாவதைக் கண்ட விக்டர் ஆம்பிராஸுக்கும் கேரி ரவ்கனுக்கும் 2024-ல் நோபல் பரிசு கிடைத்தது.

2007-ல் அமெரிக்காவின் டெக்சாஸில் டாக்டர் எரிக் ஓல்சன் குழுவினர் ஒன்றைக் கண்டார்கள். '208' என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ. இல்லாத எலிகளுக்கு, பாரம் ஏற்றியும் இருதயம் அவ்வளவாகத் தடிக்கவில்லை! '133' அதற்கு நேர் எதிர்: அது குறைந்தால்தான் தசை பெருக்கிறது. '132' என்பதை அடக்கும் மருந்து ஒன்று 28 நோயாளிகளிடம் பரிசோதிக்கப்பட்டு, 2020-ல் அறிக்கை வெளிவந்தது. ஆனால் அது இன்னும் மருந்துக்கடைக்கு வரவில்லை.

அதுவரை கைகட்டி இருப்பதா? வேண்டாம். இந்தக் கங்காணிகளைக் கிளப்பிவிடும் முக்கியக் காரணம் இரத்தக் கொதிப்புதான். 2023 தேசியச் சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டுப் பெரியவர்களில் பத்தில் ஏறக்குறைய மூவருக்கு அது உண்டு. பலருக்கு வலியும் இல்லை, அறிகுறியும் இல்லை.

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் இருந்தாலும் சரி, கிள்ளான் தோட்டத்து லயத்தில் இருந்தாலும் சரி, அரசாங்கக் கிளினிக்கில் கொதிப்பை அளந்து பாருங்கள். கருவாடு, ஊறுகாய், கிச்சாப் இவற்றைக் குறையுங்கள். "உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது" என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். கொதிப்பு அடங்கினால், தடித்த இருதயம் ஓரளவு மீண்டும் மெலியும் என்பது டாக்டர்கள் கண்ட உண்மை.

ஐ.ஜே.என். என்று நாம் அழைக்கும் கோலாலம்பூர் தேசிய இருதயக் கழகம் 1992 முதல் நமக்காக இருக்கிறது. அங்கே போகும் நிலை வராமல் பார்த்துக்கொள்வது நம் கையில்!