கூரை மேல் சுறாத் துடுப்பு

கார் ஆன்டெனா சுருங்கச் சுருங்க, அதன் பொறுப்பு பெருகுகிறது

தெருவில் நிறுத்திய காரின் ஆன்டெனாவைச் சிறுவர்கள் ஒடித்துக்கொண்டு ஓடிய காலம் மலையேறிவிட்டது. ஒன்றரை முழக் கம்பி இருந்த இடத்தில் இப்போது உள்ளங்கை அளவில் ஒரு சுறாத் துடுப்பு. 2001-ல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. தன் 7 சீரிஸ் காரில் கொண்டுவந்த இந்த வடிவம், இன்று இந்தியச் சாலைகளில் சகஜம். வெளியே பார்த்தால் அலங்காரம். உள்ளே கடும் இட நெருக்கடி.

காரணம், இயற்பியல். ஆன்டெனா செவ்வனே இயங்க, அலைநீளத்தில் சுமார் கால் பங்கு நீளம் வேண்டும். எஃப்.எம். வானொலியின் அலைநீளம் 3 மீட்டர். ஆக, 75 செ.மீ. கம்பி. துடுப்புக்குள் ஏது இடம்? கம்பியைச் சுருளாகச் சுற்றுகிறார்கள். ஆனால் அதற்கு விலை உண்டு: திறன் குறையும், கையாளும் அலைவரிசையின் அகலமும் குறுகும். அமெரிக்காவில் ஹரால்டு வீலர் 1947-லும் லான் ஜென் சூ 1948-லும் கணக்கிட்டுச் சொன்ன வரம்பு இது. குறையை ஈடுகட்ட ஒரு ஆம்ப்ளிஃபயர் தேவைப்படுகிறது.

இடம் காட்டும் ஜி.பி.எஸ். கதை வேறு. அதன் அலைநீளம் 19 செ.மீ.தான். பீங்கான் வில்லைக்குள் அலை இன்னும் சுருங்குவதால், 2.5 செ.மீ. சதுரமே போதும். சிக்கல் அண்டை வீட்டில். சுமார் 20,000 கி.மீ. உயரத்திலிருந்து வரும் செயற்கைக்கோளின் முணுமுணுப்பை, பக்கத்திலேயே முழங்கும் செல்போன் ஆன்டெனா அமுக்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வடிவமைப்பாளரின் பாதி உழைப்பு இந்தச் சமரசத்துக்கே போகிறது.

பாட்டு கேட்பதோடு முடிகிற விஷயமல்ல இது. 2012-ல் டெல்லி பேருந்தில் நடந்த கொடூரத்துக்குப் பின் எழுந்த கோரிக்கைகளின் தொடர்ச்சியாக, 2019 ஜனவரி 1 முதல் புதிதாகப் பதிவாகும் பேருந்துகள், டாக்ஸிகளில் இருப்பிடம் காட்டும் கருவியும் அவசர பட்டனும் கட்டாயம். பட்டனை அழுத்தினால், செயற்கைக்கோள் மூலம் அறிந்த இடத்தைக் கருவி செல்போன் வலைப்பின்னல் வழியே கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்பும். இரண்டுக்குமே ஆன்டெனாதான் வாசல்.

அந்த வாசலை அடைப்பது சுலபம். கருவியை இரும்புத் தகட்டுக்கு அடியில் பொருத்தினால் போதும், ஆகாயம் மறைந்துவிடும். உதவி கேட்கும் குரல் போய்ச் சேரலாம். வண்டி எங்கே நிற்கிறது என்பது மட்டும் தெரியாது. பட்டன் இருக்கிறதா என்று சோதிப்பவர்கள், ஆன்டெனா ஆகாயத்தைப் பார்க்கிறதா என்றும் சோதிப்பது நல்லது.