ஊர்ப்பெயர் தாங்கும் மது

பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனைப் பாடிய நக்கீரர், யவனர் கொணர்ந்த நறுந்தேறலை மகளிர் பொற்கலத்தில் ஏந்தி ஊட்ட, நாளும் இனிது வாழ்வாயாக என வாழ்த்துகிறார். புறநானூற்றின் 56-ஆம் பாட்டு அது. 1945-இல் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டை அகழ்ந்தபோது கிடைத்த இரட்டைக் கைப்பிடிச் சாடிகளின் ஓடுகள், மேலைநாட்டு மது கடல் கடந்து வந்ததற்குச் சான்றாக உள்ளன. ஆயினும் அத்தேறல் எந்த ஊரில், எந்தச் சரிவில் விளைந்தது என்று புலவர் கூறவில்லை. யவனர் தந்தது என்ற அளவே அவருக்குப் போதுமானதாயிற்று.

பிரான்சு நாட்டின் கிழக்கிலுள்ள பர்கண்டியில் இதற்கு நேர்மாறான வழக்கத்தைக் காண்கிறோம். அங்கே மதுவுக்குப் பெயர் ஊரால் வருகிறது. ஊருக்குள்ளும் ஒரு குறிப்பிட்ட துண்டு நிலத்தால் வருகிறது. டிஜோன் நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு தாழ்ந்த குன்றுத்தொடர் செல்கின்றது. அதன் சரிவிலுள்ள திராட்சைத் தோட்டங்கள் 1,247 துண்டுகளாக வகுக்கப்பெற்று, ஒவ்வொன்றும் தனிப்பெயர் தாங்கி நிற்கின்றது. இத்துண்டினைக் 'கிளிமா' என்பர். தட்பவெப்பநிலை என்று பிரெஞ்சு மொழியில் பொருள்படும் இச்சொல், அவ்வட்டாரத்தில் பெயர்பெற்ற நிலத்துண்டையும் குறிப்பதாயிற்று. நிலமும் வானமும் ஒரே சொல்லுள் அடங்கிய இவ்வழக்கு, முதல் கருப் பொருள்களைப் பயின்றோர்க்கு வியப்பளிக்காது. 2015-இல் யுனெஸ்கோ இந்நிலங்களை உலக மரபுச் செல்வங்களுள் சேர்த்தது.

சிவப்பு மதுவுக்குப் பீனோ நுவார், வெள்ளை மதுவுக்கு ஷார்டொனே என, பெரும்பாலும் இரண்டே கொடியினங்கள்தாம் அங்கே பயிராகின்றன. கொடி ஒன்றே, சுவை மட்டும் வேறுபடுவது ஏன்? சரிவின் உச்சியில் மண் மெல்லிது. காற்றும் குளிரும் மிகுதி. அடிவாரத்தில் களிமண் தடித்து நீர் தேங்கும். இடைப்பகுதியிலோ சுண்ணாம்புக்கல் கலந்த மண் நீரை வடியவிட்டு, காலைக் கதிரவனின் வெம்மையையும் ஏற்கிறது. சிறந்த மது பெரும்பாலும் இவ்விடைப்பகுதியில்தான் விளைகின்றது. சிஸ்தேர்சியத் துறவியர் மதில் எழுப்பிக் காத்த 'குளோ த வூஜோ' என்னும் தோட்டம் ஏறத்தாழ 50 ஹெக்டேர் பரப்புடையது. இன்று அது எண்பது பேர் அளவினர்க்கு உரிமையாகிவிட்டது. மதிலும் ஒன்று, பெயரும் ஒன்று. ஆனால் மேற்பகுதியாரின் மதுவும் சாலையோரத்தாரின் மதுவும் ஒன்றல்ல. பெயரை நம்பி வாங்குவோர் ஏமாறுவதும் இங்கேதான்!

ஊர் தன் நிலத்துக்குப் பெயர் தருவது உலக வழக்கு. பர்கண்டியில் நிலம் ஊருக்குப் பெயர் தந்ததும் உண்டு. ஜெவ்ரே என்ற சிற்றூர், தன் எல்லைக்குள் இருந்த ஷாம்பெர்த்தான் தோட்டத்தின் புகழைக் கருதி, 1847-இல் ஜெவ்ரே-ஷாம்பெர்த்தான் ஆயிற்று. அண்டை ஊர்கள் பலவும் அவ்வழியே சென்றன.

மதுவைப் பற்றி எழுதுவதே தகுமோ என்று சிலர் கருதக்கூடும். கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். தோட்டப்புறக் கள்ளுக்கடைகள் நம் தொழிலாளர் குடும்பங்களுக்கு இழைத்த கேட்டை மலாயாத் தமிழர் அறிவர். அவ்வையம் நேரியதே. ஆனால் சுவைத்தல் வேறு, குடித்தல் வேறு. போன் என்னும் நகரின் நிலவறைகளில் சுவைஞர் ஒரு மடக்கை வாயில் வைத்துப் பின் உமிழ்ந்துவிடுவர். அதை யாரும் அவமதிப்பாகக் கொள்வதில்லை. முதலில் நிறம் நோக்குவர். இருண்ட அறையில் மெழுகுத்திரி ஒளியில் நிறம் காண்பதற்கென்றே, உட்புறம் குழிகள் இட்ட சிறு வெள்ளிக்கிண்ணம் ஒன்றைப் பண்டு பயன்படுத்தினர். அடுத்து மணம். மூன்றாவதாகவே நாவின் வேலை. நாவறிவது இனிப்பு, புளிப்பு முதலிய சில சுவைகளையே. ஏனையவை வாயின் பின்புறமாக மூக்கை அடையும் மணங்களாம். சளி பிடித்தவனுக்கு உணவு சப்பென்றிருப்பதும் இதனாலேயே.

நவம்பர் மூன்றாம் ஞாயிறன்று போன் நகரில் புகழ்பெற்ற மது ஏலம் நடைபெறும். 1443-இல் நிக்கொலா ரோலான் என்பவரும் அவர் மனைவியும் ஏழை நோயாளர்க்காக அங்கு ஒரு மருத்துவமனை நிறுவினர். அறம் கருதியோர் அதற்குத் திராட்சைத் தோட்டங்களை எழுதிவைத்தனர். அவற்றில் விளையும் மதுவை 1859 முதல் ஏலத்தில் விற்று வருகின்றனர். வரும் பொருள் மருத்துவப் பணிக்குச் செல்கிறது. 228 லிட்டர் கொள்ளும் பீப்பாய் பீப்பாயாக விற்கும் அவ்விடத்தில் எளியவர்க்குப் பார்ப்பதைத் தவிர வேறு வேலையில்லை. முந்திய சனி இரவில் வூஜோ மாளிகையில் ஒரு பெருவிருந்து உண்டு. அதனை நடத்தும் கழகம் 1934-இல், மது விலைபோகாத காலத்தில் தோன்றியது. வாங்குவாரில்லையெனில் நண்பரை அழைத்து நாமே அருந்துவோம் என்று தொடங்கினராம்! திங்கட்கிழமை மெர்சோ என்னும் ஊரில் பகலுணவு. வருவோர் தத்தம் புட்டியைக் கொணர்ந்து பக்கத்திலிருப்போர்க்கு வார்ப்பர். அறுவடை முடிவில் கூலியாட்களுக்கு அளித்த விருந்தே இவ்வழக்கின் மூலம்.

எனினும் வழிப்போக்கருக்கு ஏற்றது சனவரித் திருவிழாவே என்பது என் கருத்து. உழவரின் காவல் தெய்வமான தூய வின்சென்ட்டின் உருவங்களை ஏந்தி, உறைபனியில் ஊர்வலம் செல்வர். 1938 முதல் ஆண்டுக்கோர் ஊராக இவ்விழா மாறி மாறி நடந்து வருகிறது. விழா ஏற்கும் ஊரார் தம் நிலவறைகளை வந்தோர்க்குத் திறந்துவிடுவர்.

இத்தனை பெயர்களும் நிலைத்திருப்பது மண்ணால் மட்டுமன்று. வானும் துணைநிற்க வேண்டும். போன் நகரில் அறுவடை தொடங்கும் நாளை முற்காலத்தில் ஊராட்சியே அறிவித்தது. அதற்கு முன்னர்ப் பறித்தல் குற்றம். அதனால் 1354 முதலான நாள்களை ஆவணங்களிலிருந்து தொகுக்க முடிந்தது. 2019-இல் வெளியான அவ்வாய்வு, 1987 வரை சராசரியாகச் செப்டம்பர் 28-ஐ ஒட்டி நிகழ்ந்த அறுவடை, 1988-க்குப் பின் சராசரி 13 நாள் முந்திவிட்டது என்று காட்டியது. தளிர் முந்தினால் பின்பனியில் கருகும். 2021 ஏப்ரலில் தோட்டமெங்கும் தீ மூட்டியும் பலர் விளைவை இழந்தனர். வெப்பம் தாங்கும் வேறு கொடியை நடலாமே எனில், பெயருரிமைச் சட்டம் குறுக்கே நிற்கிறது: கொடி மாறினால் அந்நிலத்தின் பெயரை மது தாங்கவியலாது.

ஆதலால் உழவர் சிலர் இலைகளைக் கழிக்காமல் நிழலுக்கு விடுகின்றனர். சிலர் விடியலிலேயே பறிக்கின்றனர். இப்போது போன் நகர் செல்வோர், ஒரே நிலத்துண்டின் 2021-ஆம் ஆண்டு மதுவையும் 2022-ஆம் ஆண்டு மதுவையும் அருகருகே வைத்துச் சுவைத்தல் நன்று. முன்னது குளிர்ந்த ஆண்டின் மெல்லிய, புளிப்பேறிய மது. பின்னது வெயிலும் வறட்சியும் மிக்க ஆண்டின் செறிந்த மது. இரு புட்டிகளிலும் எழுதியிருப்பது ஒரே பெயர்தான்.